என் எடைக்கு எடை வாழைப்பழம்

உடற்பயிற்சியைத் தொடங்குவது மிகச் சுலபம். நான் என் வாழ்நாளில் நாற்பது தடவைக்குக் குறையாமல் தொடங்கியிருக்கிறேன். விட்டதைத் திரும்பப் பிடிப்பதுதான் மனிதனால் ஆகாத காரியம். வேலையை விட்டால் வேறு வேலை கிடைக்கும். ஊரை விட்டால் வேறு ஊர் இருக்கிறது. (இரண்டையும் நிறையச் செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.) ஆனால் பஸ்கி எடுப்பதை நான்கு நாள் விட்டுவிட்டு ஐந்தாம் நாள் காலையில் எழுந்து நில்லுங்கள். முட்டி இரண்டும் உங்களை இதற்கு முன் பார்த்ததே இல்லை என்று சாதிக்கும்.

இந்த உண்மையை நான் கற்றுக்கொண்டது இருபதுகளின் நடுவில், ஒரு மாரியம்மன் கோயில் வாசலில், ஒரு தோட்டமே கூடி நின்று பார்க்க, கோவணத்தோடு.

நான் மூன்றாம் வகுப்பில் வாத்தியாரிடம் சொல்லாமல் கிளம்பியவன். பதினாறு வயதில் மலாயாவுக்குக் கப்பல் ஏறினேன். லம்பம் என்கிற ஈயச் சுரங்கத்தில் மண் சுமந்தேன், ரயில் பாதைக்குக் கல் உடைத்தேன், மரம் இழுக்கும் மாட்டு வண்டியில் மாட்டுக்குத் துணையாக நானும் இழுத்தேன். எதிலும் மூன்று மாதத்துக்கு மேல் நின்றதில்லை. கடைசியில் சிம்பாங் பூலாய்க்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அக்கா அஞ்சலையிடம் வந்து சேர்ந்தேன். வந்த இரண்டாம் மாதமே மலேரியாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. கூலிக்காரர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்திலிருந்து அந்த மாதம் ஆறு பேரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏழாவது ஆள் நான்தான் என்று எல்லோரும் முடிவு செய்திருந்ததால், மூங்கில் வெட்டி வைத்துவிட்டுத்தான் என்னைப் பார்க்க வந்தார்கள்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் யாழ்ப்பாணத்துக்காரர். என்னைத் தராசில் நிறுத்திப் பார்த்து, “தொண்ணூற்றியொரு ராத்தல். இதில பாதி கம்பளி” என்றார். அக்கா அதைக் கேட்டதும் நேரே கோயிலுக்கு ஓடினாள்.

“ஆத்தா! இவன் பொழைச்சு எந்திரிச்சான்னா, மடிப்பிச்சை எடுத்து, இவன் எடைக்கு எடை வாழப்பழம் தராசுல வச்சுக் குடுக்குறேன்.”

மடிப்பிச்சை என்றால் முந்தானையை ஏந்தி வீடு வீடாகக் கேட்டு வாங்கிச் செலுத்துவது. கடையில் வாங்கினால் செல்லாது. கேட்ட வீட்டில் இரண்டாம் முறை கேட்கவும் கூடாது. எல்லாம் சரியாகத்தான் வேண்டிக்கொண்டாள். ‘இவன் எடைக்கு’ என்றாளே ஒழிய, எந்த நாள் எடைக்கு என்று சொல்லத் தவறிவிட்டாள்.

நான் பிழைத்தேன். நன்றிக்கடனாக மூன்றாவது வாரமே சொல்லிக்கொள்ளாமல் ஈப்போ பட்டணத்துக்குக் கிளம்பிவிட்டேன்.

ஈப்போவில் எனக்கு வாய்த்த வேலை, செட்டியார்கள் தங்கியிருந்த ஒரு கிட்டங்கியின் சமையற்கட்டில் காய் நறுக்குவது. பிறந்ததிலிருந்து பசியை ஒரு உறவுக்காரன் மாதிரி கூடவே வைத்துக்கொண்டு வளர்ந்தவனை அங்கே கொண்டுபோய் விட்டால் என்ன ஆகும்? பந்தி முடிந்ததும் மிச்சமெல்லாம் என் பொறுப்பு. நெய்ச் சோறு, பருப்பு, பாயசம். எதையும் வீணாக்கக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரே வேலையில் ஒன்றரை வருடம் நின்றேன். பிறகு நிற்பது கஷ்டமாகி, உட்கார்ந்தே காய் நறுக்கினேன்.

ஒரு நாள் அக்காவின் புருஷன் பெரியசாமி மச்சான் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். என்னைத் தாண்டி இரண்டு தடவை போனார். பிறகு என்னிடமே கேட்டார்.

“இங்க வையாபுரின்னு ஒல்லியா ஒரு பையன்...”

“நான்தான் மச்சான்.”

அவர் என்னைச் சுற்றி வந்து பார்த்தார். “நீ சரி. உங்கூட உள்ள நிக்கிற ஆளு யாரு?”

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அக்கா மாசமாக இருந்தாள். அவளுக்கு முதல் இரண்டும் தங்கவில்லை. வேண்டுதலைச் செலுத்தாமல் வைத்திருப்பதால்தான் ஆத்தா கோபித்துக்கொண்டாள் என்று அவள் மனதில் ஊன்றிவிட்டது. இந்தத் திருவிழாவில் எப்படியும் முடித்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மடிப்பிச்சையும் கேட்டாகிவிட்டது. அந்த வருடம் காட்டுப் பன்றி புகுந்து லயத்துக் கொல்லைகளையெல்லாம் கிளறிவிட்டிருந்தது. இருந்ததில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்னத் தார் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்தால் நூற்றுப் பதினைந்து ராத்தல் வரும்.

“தொண்ணூத்தியொண்ணுக்கு அது தாராளம்தானே?” என்றேன்.

“தொண்ணூத்தியொண்ணு எங்கடா இருக்கு?” என்றார் மச்சான், என் வயிற்றைப் பார்த்து. “ரெண்டு மாசம் இருக்கு மாப்ள. பழைய ஆளா வந்து சேரு. இல்லேன்னா அவ மனசு ஒடிஞ்சிரும்.”

அன்று இரவு சாப்பிட்டு முடித்ததும், நாளையிலிருந்து சாப்பாட்டைக் குறைப்பது என்று உறுதி எடுத்தேன்.

முதல் நாள் பதினான்கு பஸ்கி எடுத்தேன். இரண்டாம் நாள் பதினெட்டு. மூன்றாம் நாள் உட்கார்ந்தவனை எழுப்ப இரண்டு பேர் வர வேண்டியதாயிற்று. நான்காம் நாள் ஓய்வு. அந்த ஓய்வு பதினோரு நாள் நீடித்தது.

பதினைந்தாம் நாள் மனதைத் தேற்றிக்கொண்டு, இனிமேல் பஸ்கி வேண்டாம், நடைதான் சரி என்று புந்தோங் வரைக்கும் விடிகாலையில் நடந்தேன். நல்ல நடை. அந்த முனையில் ஓர் அம்மாள் ஆப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். போகும்போது இழந்ததை அங்கேயே திரும்பப் பெற்றுக்கொண்டு வந்தேன். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், நடை பாதியாகக் குறைந்து ஆப்பம் இரண்டு மடங்காகியிருந்தது.

மூன்றாவது தொடக்கம் கர்லா கட்டை. கர்லா கட்டை இல்லாததால் சமையற்கட்டு உலக்கை. தலைக்கு மேல் இரண்டு சுற்று நன்றாகத்தான் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் உள்ளங்கை வேர்த்து, உலக்கை தன் பாட்டுக்குப் பறந்துபோய் ஊறுகாய் ஜாடியில் இறங்கியது. வருஷத்து மாங்காய் மொத்தமும் தரையில்.

“உலக்கைக்குன்னு இந்தக் கட்டுல ஒரு வேலை இருக்குடா! உனக்குத்தான் இல்ல!” என்று கத்தினார் பெரிய சமையற்காரர். வழக்கமாக நானே வேலையை விட்டுப் போவேன். வேலை என்னை விட்டது அதுதான் முதல் தடவை.

திருவிழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அக்கா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்தாள்.

“ஏன்டா, எனக்கு ஏழு மாசம். உனக்கு எத்தன மாசம்?”

பக்கத்து வீட்டு வாசலில் நின்ற பொன்னம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். பொன்னம்மாள் மச்சானின் மூத்த அக்கா. ஒரு கோழி யாருடையது என்ற வழக்கில் அக்காவும் அவளும் நான்கு மாதமாகப் பேச்சு வார்த்தை இல்லை. பேசிக்கொள்ளவில்லையே தவிர, காற்றைப் பார்த்துப் பேசுவதில் இருவரும் கெட்டிக்காரிகள்.

“சில குடும்பத்துல எதையும் முழுசா முடிக்க மாட்டாங்க. பள்ளிக்கூடமும் பாதி, வேலையும் பாதி. ஒடம்பு மட்டும் ரெண்டாளு!” என்று காற்றிடம் சொன்னாள் பொன்னம்மாள்.

அக்கா முறத்தை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போனாள். பின்னாலேயே போனேன். அடுப்படியில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நான் ஆத்தாகிட்ட வாய விட்டுட்டேன்டா. ரெண்டு போயிருச்சு. இதையும் எடுத்துக்கிட்டாள்னா நான் என்ன செய்வேன்?”

அந்த இடத்தில் எந்த முட்டாளுக்கும் புத்தி வரும். எனக்கும் வந்தது. டிரெசரிடம் போய்த் தராசில் ஏறினேன்.

“நூற்றி அறுபத்தெட்டு! என்ன காணும், காய்ச்சல்ல கிடந்த ஆளையும் சேர்த்து விழுங்கிப்போட்டீரோ?”

மறுநாள் விடிகாலை, ஆள் கணக்கெடுக்க அடிக்கும் பெரட்டு மணிக்கே எழுந்தேன். மச்சானோடு போய் முந்நூறு மரத்தில் பால் வெட்டினேன். பால் வாளியைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக ஓடினேன். மத்தியானம் ஒரு கலயம் கஞ்சி, சாயங்காலம் முப்பது பஸ்கி. நான்கே நாளில் எட்டு ராத்தல் இறங்கினேன். என்னை நானே கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது.

ஐந்தாம் நாள் மழை. மழை பெய்தால் மரம் வெட்ட மாட்டார்கள். ஒரே ஒரு நாள்தானே என்று படுத்தேன். அங்கேதான் எல்லாம் கெட்டது. சும்மா இருந்தவன் லயத்தில் நாலு பேரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். சாவின் வாயிலிருந்து மீண்ட பையன் வீடு தேடி வந்தால் சும்மா அனுப்புவார்களா? “ஒரு வாய் சாப்பிட்டுப் போ தம்பி. மறுத்தா சாமி குத்தம்லா!” ஒரு வீட்டில் மரவள்ளிக் கிழங்கு, ஒரு வீட்டில் கருவாட்டுக் குழம்பு. ஒரு வீட்டில் சாப்பிட்டது அடுத்த வீட்டுக்குத் தெரிந்தால், அங்கே சாப்பிடாதது அவமானம். ஆகவே எல்லா வீட்டிலும் சாப்பிட்டேன். மழை ஓய்ந்த பிறகும் இந்த வழக்கம் ஓயவில்லை. அக்கா கஞ்சியை ஊற்றும்போது நான் ஏப்பத்தை அடக்குவதே பெரிய பயிற்சியாகிவிட்டது.

திருவிழாவுக்கு முந்தின நாள் டிரெசரின் தராசு நூற்று அறுபத்துநான்கு காட்டியது. வீட்டுக்கு வந்தேன்.

“எவ்வளவுடா?” என்றாள் அக்கா.

“நூத்திப் பத்து” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐம்பத்துநான்கு ராத்தலை ராத்திரிக்குள் குறைத்துவிடலாம் என்று நினைத்தேனோ என்னவோ. அக்கா என் கன்னத்தை இரண்டு கையாலும் தடவினாள். நான் பொய் சொல்வேன் என்று உலகத்திலேயே நன்றாகத் தெரிந்தவள் அவள்தான். ஆனாலும் நம்பினாள்.

மறுநாள் கோயில் முன்னால் ஒரு பெரிய உத்தரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டு, இரண்டு முனையிலும் பலகைத் தட்டு கட்டி, தோட்டத்துத் தச்சர் தராசு தயார் செய்திருந்தார். மேளம் முழங்க நான் போய் ஒரு தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உத்தரம் ‘ஙீ’ என்று ஒரு சத்தம் கொடுத்தது. என் தட்டு தரையைத் தொட்டு அங்கேயே குடியேறியது.

ஒவ்வொரு வீட்டாராக வந்து எதிர்த் தட்டில் தார் தாராக அடுக்கினார்கள். பத்து வீடு. பதினைந்து வீடு. நான் அசையவில்லை. இருபது வீடு. மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். கடைசித் தாரை அக்காவே கொண்டுவந்து வைத்தாள். எதிர்த் தட்டு ஆகாயத்தில் ஆடிக்கொண்டிருந்தது. நான் பூமியில் இருந்தேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். “நூத்திப் பத்துன்னியேடா?”

நான் சாமியைப் பார்த்தேன்.

பூசை செய்கிற பண்டாரம் நல்லவர். “மேல உள்ளதெல்லாம் எடப்பா. அதுக்கும் எடை இருக்குல்ல?” என்றார். தலைப்பாகையை எடுத்தேன். சட்டையை எடுத்தேன். இடுப்புப் பெல்ட்டை எடுத்தேன். வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பச் சொன்னார்கள், துப்பினேன். தட்டு நகரவில்லை. வேட்டியையும் உருவி யாரோ கொண்டுபோனார்கள். கோவணத்தோடு உட்கார்ந்திருந்தேன்.

“மொட்டை போடு! அம்பட்டர் இங்கதான் இருக்காரு!” என்றது கூட்டம். இரண்டே நிமிடத்தில் மொட்டை.

“தலைமயிருக்கு என்ன எடை காணும்?” என்று கூட்டத்துக்குள்ளிருந்து டிரெசரின் குரல் வந்தது. “ஆளை ஓட விடுங்கோ. வேர்த்தால் இறங்கும்!”

அந்த யோசனைதான் எல்லோருக்கும் பிடித்தது. என்னை எழுப்பிக் கோயிலைச் சுற்றி ஓடவிட்டார்கள். முன்னால் மேளம், பின்னால் தோட்டமே. “பஸ்கி எடு மாப்ள, பஸ்கி!” என்றார் மச்சான். எடுத்தேன். “தண்டால்!” என்றார் ஒருவர். அதையும் எடுத்தேன். இரண்டு மாதமாக நான் ஏமாற்றிய பயிற்சி முழுவதையும் அம்மன் ஒரே மணி நேரத்தில் வசூல் செய்துகொண்டாள். ஏழாவது சுற்றில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கொண்டுவந்து தட்டிலேயே கிடத்தினார்கள்.

இனிமேல் சொல்வதைத்தான் நான் வெகுகாலம் யாரிடமும் ஒப்புக்கொள்ளவில்லை. எனக்கு வந்தது முழு மயக்கம் இல்லை, முக்கால் மயக்கம். “ஐயோ, புள்ள பட்டினில்லா! ஏதாச்சும் குடுங்கடி!” என்று பெண்கள் பதறினார்கள். கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது வாழைப்பழம்தான். ஒருத்தி உரித்து என் வாயில் வைத்தாள். நான் கண்ணைத் திறக்கவில்லை. வாயை மட்டும் திறந்தேன். இன்னொன்று வந்தது. அதற்கும் திறந்தேன். பழம் பழுத்து நல்ல பதத்தில் இருந்தது.

பதினொன்றாவது பழத்தில் பொன்னம்மாளின் குரல் இடி மாதிரி விழுந்தது.

“அடிப் பாவிகளா! எங்கேருந்து எடுத்து யாருக்குக் குடுக்குறீங்க? அந்தத் தட்டுல கொறையுது, இந்தத் தட்டுல ஏறுது!”

கூட்டம் ஒரு நொடி யோசித்தது. பிறகு சிரித்தது பாருங்கள், மரத்திலிருந்த கிளியெல்லாம் பறந்துவிட்டன. டிரெசர் உட்கார்ந்தே விட்டார். நான் மயக்கத்தை முழு மயக்கமாக ஆக்கிக்கொள்ள முயன்றேன், முடியவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் அக்கா. வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு தனியாக நின்றாள். அதைப் பார்த்துத்தான் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

“அஞ்சலை, எல்லா வீட்டுலயும் மடி ஏந்திட்டியா?” என்று பண்டாரம் மெதுவாகக் கேட்டார்.

அக்கா பொன்னம்மாள் நின்ற பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு, “ஒரு வூடு விட்டுப்போச்சு” என்றாள்.

எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. அக்கா நடந்துபோய்ப் பொன்னம்மாள் முன்னால் நின்றாள். முந்தானையை விரித்தாள்.

“அண்ணி. மடிப்பிச்சை போடுங்க.”

பொன்னம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, திட்டுகிற குரலிலேயே பேசினாள்.

“கேக்குறதுக்கு இத்தன மாசமாடி உனக்கு? என் கொல்லையில இருந்தது ரெண்டே மரம். ரெண்டையும் காலையிலதான் கோயில் வாசல்ல கட்டக் குடுத்தேன்.” பண்டாரத்தைப் பார்த்தாள். “எடுக்கலாமா சாமி?”

“ஆத்தாளுக்குக் குடுத்தது ஆத்தாளுக்குத்தானே போவுது” என்றார் பண்டாரம்.

கோயில் வாசலில் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரங்கள் கட்டியிருந்தன. மச்சான் அரிவாளோடு போய்க் குலையை வெட்டப் போனார்.

“கொலைய மட்டும் வெட்டி எதுக்கு ஆவும்?” என்று கத்தினாள் பொன்னம்மாள். “உன் மச்சினன பாத்தியா இல்லையா? மரத்தோட தூக்கு!”

எட்டுப் பேர் சேர்ந்து இரண்டு மரத்தையும் ஒரே மூச்சில் எதிர்த் தட்டில் போட்டார்கள். ஒவ்வொன்றாக வைத்திருக்கலாம். யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், உட்கார்ந்திருந்த பூமி திடீரென்று இல்லாமல் போனதுதான். மேலே போனேன். மாவிலைத் தோரணம் மொட்டைத் தலையில் மாட்டியது. கோபுரத்துப் பொம்மை ஒன்றை முகத்துக்கு முகம் பார்த்தேன். பிறகு உத்தரம் முறிந்தது. நான் போய் விழுந்த இடம் எதிர்த் தட்டு. நூற்றுச் சொச்சம் ராத்தல் பழம், இரண்டு மரம், மேலே நான்.

“ஆத்தா ஏத்துக்கிட்டா!” என்று பண்டாரம் கற்பூரத்தைக் கொளுத்தினார். (ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்வாள்? இன்னொரு தடவை நிறுக்கத் தராசு இல்லை.) அக்காவும் பொன்னம்மாளும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டே சிரித்தார்கள். நசுங்கிய பழத்தைப் பிசைந்து பஞ்சாமிர்தமாக்கித் தோட்டம் முழுக்கக் கொடுத்தார்கள். எனக்கு மட்டும் கொடுக்கக் கூடாது என்று பொன்னம்மாள் பாத்திரத்தின் பக்கத்திலேயே காவல் நின்றாள்.

அடுத்த மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது, முழுசாக, குரலோடு. குழந்தையை நிறுத்துப் பார்த்த டிரெசர், “ஏழு ராத்தல். மாமனை மாதிரி இல்லை, அளவோட இருக்கு” என்றார்.

அந்தத் தோட்டத்தில் அதன் பிறகு யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் வேண்டுதலின் வாசகம் மாறிவிட்டது. “எடைக்கு எடை குடுக்குறேன் ஆத்தா” என்று சொன்னவர்கள், ஒரு மூச்சு விட்டு, “இன்னைக்கு இருக்குற எடைக்கு” என்று சேர்த்துக்கொள்வார்கள். என்னைக் கண்ணால் பார்த்திராதவர்களும் அப்படித்தான் வேண்டிக்கொள்கிறார்கள் என்று கேள்வி.

நான் அதற்கப்புறமும் பல ஊர் சுற்றினேன், பல தடவை இளைத்தேன், பல தடவை விட்டதைப் பிடித்தேன், பிடித்ததை விட்டேன். இப்போது அக்கா மகள் வீட்டில், குனோங் ராபாட்டில் வாசம். அவளுக்கே மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டன. நேற்றுக்கூட மத்தியானம் இரண்டாம் தடவை சோற்றுக்கு இலையைக் காட்டினேன். கரண்டியோடு வந்தவள் என் முன்னால் நின்று, வாசல் பக்கம் திரும்பி, புருஷனைக் கூப்பிட்டாள்.

“ஏங்க, மாமா இன்னொரு கரண்டி கேக்குறாரு. பின்னால வாழ மரம் எத்தன நிக்கிதுன்னு எண்ணிட்டு வாங்க!”